ஹவில்தார் ரிட்டயர்மென்ட் பணம், டீக்கடை ஃபிரான்சைஸ்: எடுக்கலாமா?

குடியாத்தம்_ஹவில்தார்

எல்லாருக்கும் வணக்கம். ராணுவத்துல ஏஎஸ்சியில (சப்ளை, போக்குவரத்துப் பிரிவு) 24 வருஷம் முடிச்சு வர்ற ஜனவரி 31ல வெளிய வர்றேன். வயசு 43. பொண்ணு பிளஸ் டூ, பையன் எட்டாவது. இப்ப ஆண்டு லீவுல ஊருக்கு வந்திருக்கேன்.

பென்ஷன் அடிப்படை 24,000. அதுல பாதியை கம்யூட் பண்ணா, அதாவது முன்கூட்டியே மொத்தப் பணமா வாங்கிட்டா, சுமார் 13 லட்சம் வரும். கிராஜுவிட்டி, பிஎஃப், குரூப் இன்சூரன்ஸ், லீவு சம்பளம் எல்லாம் சேத்தா மொத்தம் 38 கிட்ட. வீட்டுக் கடன் பாக்கி 9 இருக்கு.

செக்யூரிட்டி வேலைக்குப் போக மனசு வரல. எங்க சித்தப்பா சுபேதாரா வந்தவர், ஏடிஎம் வாசல்ல பிளாஸ்டிக் ஸ்டூல்ல 12 மணி நேரம் உக்காந்திருந்ததை லீவுல வரும்போதெல்லாம் பாத்திருக்கேன்.

கையில ரெண்டு ஆஃபர் இருக்கு. ஒண்ணு, ஒரு டீக்கடை செயின். 14 லட்சம், அதுல ஃபிரான்சைஸ் ஃபீஸ் 4 லட்சம், ராயல்டி 5 சதவீதம், முன்னாள் ராணுவத்தினருக்கு ஃபிரான்சைஸ் ஃபீஸ்ல 10 சதவீதம் தள்ளுபடி. இன்னொண்ணு மினி சூப்பர் மார்க்கெட். நாம 25 லட்சம் போட்டா கம்பெனியே நடத்தும், மாசம் 40,000 கேரன்டியாம்.

டீக்கடைக்காரர் சொன்ன ஒரு வார்த்தை மனசுல நின்னுடுச்சு. "சார், தொழில் தெரியணும்னு இல்ல, எங்க எஸ்ஓபியை, அதாவது எழுதி வெச்சிருக்கற வேலைமுறையை, அப்படியே ஃபாலோ பண்ணா போதும். அதுக்கு மிலிட்டரிக்காரங்கதான் சரி." நெஜமாவே அப்படித்தானா? அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

நடத்துநர்

வரவேற்கிறோம். பணியில் இருப்பவர்கள் யூனிட் பெயர், இருக்கும் இடம், பிபிஓ (பென்ஷன் ஆணை) எண் எதையும் இங்கே எழுத வேண்டாம். ஏஜென்டுகள் போன் நம்பர் போட்டால் பதிவு நீக்கப்படும்.

டீக்கடை_மூலை

டீ போடத் தெரிஞ்சவன் நாலு லட்சம் கொடுத்து போர்டு வாங்க மாட்டான். தெரியாதவன்தான் வாங்குவான். அவ்வளவுதான் விஷயம்.

பழைய_சிக்னல்மேன்

தம்பி, நான் 2018ல வெளிய வந்தேன், நாயக். 2019 மே மாசம் திருவண்ணாமலையில ஒரு ஐஸ்கிரீம் ஜூஸ் பார்லர் ஃபிரான்சைஸ் எடுத்தேன். கம்பெனி பேர் வேண்டாம், இப்பவும் ஓடிட்டு இருக்கு.

முதல் பௌர்ணமிக்கு நல்ல கூட்டம். இதேதான்டா வாழ்க்கைன்னு நினைச்சேன். நவம்பர்ல மழை, ஒரு நாளைக்கு 900 ரூபா கூட விக்கல. ஆனா அக்ரிமென்ட்ல மாசா மாசம் இவ்வளவு சரக்கு எடுத்தே ஆகணும்னு ஒரு வரி இருந்துச்சு. விக்காத ஃப்ளேவரெல்லாம் ஃப்ரீசர்ல ஏறிக்கிட்டே போச்சு. பிப்ரவரியில நம்ம கடையில இருந்து 800 மீட்டர்ல அதே போர்டு இன்னொண்ணு வந்துடுச்சு. கேட்டா, "உங்க அக்ரிமென்ட்ல ஏரியா எல்லை போடலியே சார்"ங்கறாங்க. படிச்சுப் பாத்தேன், நெஜமாவே போடல. மார்ச்ல லாக்டவுன்.

பட்டாளத்துல ஒரு ஆர்டர் வந்தா, அதை எழுதினவனுக்கும் அதுல ஒரு பொறுப்பு இருக்கும். தப்பாப் போனா அவனையும் கேப்பாங்க. எஸ்ஓபின்னு சொன்னதும் நான் அந்த நெனப்புலயேதான் கையெழுத்துப் போட்டேன். இங்க எஸ்ஓபி நமக்கு மட்டும்தான். அவங்களைக் கேக்க ஒரு கோர்ட் ஆஃப் என்கொயரி கிடையாது.

62,000க்கு வாங்கின செஸ்ட் ஃப்ரீசரை 14,000க்கு ஒரு மீன் வியாபாரிக்குக் குடுத்தேன். போன மாசம் மார்க்கெட் போனப்ப பாத்தேன். பாதி கிழிஞ்ச ஸ்ட்ராபெர்ரி ஸ்டிக்கர் இன்னும் ஒட்டியிருக்கு, உள்ள வஞ்சிரம்.

விற்றவன்

நான் இந்த வியாபாரத்தின் அந்தப் பக்கத்தில் இருந்தவன். மூன்று வருடம் ஒரு உணவு பிராண்டுக்கு ஃபிரான்சைஸ் விற்றேன். இப்போது வேறு துறை, அதனால் எழுத முடிகிறது.

எங்கள் ஆபீஸில் வரும் விசாரிப்புகளைத் தரம் பிரிப்போம். ஐடி பையன் என்றால் ஆறு மாதம் கேள்வி கேட்டுவிட்டுப் போய்விடுவான். கடைக்காரர் என்றால் பேரம் பேசியே ஆளைக் கொன்றுவிடுவார். ரிட்டயர்டு ஃபௌஜி வந்தால் அன்றைக்கே மேனேஜரிடம் அனுப்புவோம். காரணம் எஸ்ஓபி இல்லை சார். மொத்தப் பணமும் கையில் இருக்கும், பேங்க் லோனுக்குக் காத்திருக்க வேண்டாம், பேச்சை நம்புவார், நஷ்டம் வந்தால் தன் மேல்தான் தப்பு என்று நினைத்துக்கொள்வார். இதை எழுதும்போது எனக்கே கூசுகிறது.

கம்பெனிக்கு லாபம் எங்கே என்று பாருங்கள். நீங்கள் கையெழுத்துப் போட்ட அன்றைக்கு ஃபீஸ் வந்துவிட்டது. இன்டீரியர் அவர்கள் சொல்லும் ஆளிடம்தான் செய்ய வேண்டும், அதில் ஒரு பங்கு. டீத்தூள், கப், சிரப் அவர்களிடம்தான் வாங்க வேண்டும், அதிலும் ஒரு பங்கு. கடைசியாகத்தான் ராயல்டி. அதுவும் விற்பனை மேல், லாபத்தின் மேல் இல்லை. நீங்கள் மாதம் 10,000 நஷ்டத்தில் ஓடினாலும் அந்த 5 சதவீதம் போய்க்கொண்டேதான் இருக்கும்.

எல்லா கம்பெனியும் இப்படி என்று சொல்லமாட்டேன். நல்ல பிராண்டுகள் இடம் சரியில்லை என்றால் அவர்களே மறுத்துவிடுவார்கள். எங்கள் ஆபீஸில் நான் இருந்த மூன்று வருடத்தில் யாருடைய இடத்தையும் வேண்டாம் என்று சொன்னதே இல்லை. உங்களிடம் அவர்கள் காட்டிய வருமானத் தாளில் ஒரு நாளைக்கு எத்தனை பில் போட்டிருக்கிறார்கள், அந்த எண் எந்தக் கடையிலிருந்து வந்தது என்று கேளுங்கள். நாங்கள் அந்த எண்ணை எக்செல்லில் கையால்தான் அடிப்போம்.

குடியாத்தம்_ஹவில்தார்

விற்றவன் சார், தாளை எடுத்துப் பாத்தேன். ஒரு நாளைக்கு 600 பில், ஒரு பில் சராசரி 35 ரூபான்னு இருக்கு. ஒரு நாளைக்கு 21,000. எந்தக் கடைன்னு போன்ல கேட்டதுக்கு "ஆல் தமிழ்நாடு ஆவரேஜ் சார்"னு சொன்னார்.

வங்கிக்_கணக்கன்

600 பில்லா! 16 மணி நேரம் கடை திறந்திருந்தாலும் ஒண்ணரை நிமிஷத்துக்கு ஒரு பில் விழணும், மத்தியானம் ரெண்டு மணிக்கும் சேர்த்து.

நான் பொதுத்துறை வங்கியில் 31 வருடம் இருந்தவன், கடைசி ஒன்பது வருடம் கடன் பிரிவு. ஹவில்தார் சார், வாடகை, ஆள், கரண்ட் எல்லாம் என்ன சொன்னார்கள்? அந்த 14 லட்சத்தில் ஜிஎஸ்டி, கடை அட்வான்ஸ் அடக்கமா?

குடியாத்தம்_ஹவில்தார்

இப்பத்தான் கேட்டேன் சார். ஜிஎஸ்டி தனியாம். அட்வான்ஸ் நம்ம பொறுப்பு, நான் பாத்த கடை 18,000 வாடகை, பத்து மாச அட்வான்ஸ் கேக்குறாங்க. மாஸ்டரோட சேத்து மூணு ஆளு. பால், தூள், கப் எல்லாம் சேத்து விக்கிறதுல 45 சதவீதம்னு அவங்களே சொன்னாங்க.

வங்கிக்_கணக்கன்

சரி, நூறு ரூபாய்க்கு விற்றால் 45 சரக்குக்குப் போகிறது. ராயல்டி 5, அதற்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி, ஆக 5.90. கையில் நிற்பது 49 ரூபாய் சொச்சம்.

மாதச் செலவு: வாடகை 18,000. மூன்று ஆளுக்குச் சாப்பாட்டோடு 54,000. வணிக மின்கட்டணம் 9,000, சிலிண்டர் 12,000, உடைசல் ரிப்பேர் 4,000. மொத்தம் 97,000. இதை 49 சதவீதத்தில் எடுக்க வேண்டும் என்றால் மாதம் சுமார் 1,98,000, அதாவது தினம் 6,600 ரூபாய் விற்க வேண்டும். 15 ரூபாய் டீ மட்டும் என்றால் 440 கப். இதில் உங்களுக்கு ஒரு பைசா சம்பளம் இல்லை. மாதம் 20,000 எடுக்க நினைத்தால் தினம் 7,900க்கு மேல் போக வேண்டும். அது கூட முதல் நாளிலிருந்தே.

அதே 14 லட்சத்தை நீங்களும் மனைவியும் கூட்டாக அஞ்சலக மாத வருமானத் திட்டத்தில் போட்டால், இப்போதைய 7.4 சதவீதத்துக்கு மாதம் 8,600 வீட்டுக்கு வந்துவிடும். காலை நாலு மணிக்கு எழுந்திருக்க வேண்டாம். தொழில் செய்யாதீர்கள் என்று சொல்லவில்லை. கடை இதைத் தாண்டிக் கொடுக்க வேண்டும் என்கிறேன்.

கம்யூட்டேஷன் பற்றி ஒரு வார்த்தை. பாதியை விற்றால் அடிப்படைப் பென்ஷன் 12,000 ஆகிவிடும். டிஏ மட்டும் முழு 24,000க்கும் கணக்காகும். விற்ற பாதி திரும்பி வர 15 வருடம், உங்களுக்கு அப்போது 58. பெண்ணுக்குக் கல்யாணம், பையன் படிப்பு எல்லாம் அந்தப் பதினைந்து வருடத்துக்குள்தான் வருகிறது. நான் பார்த்த பல முன்னாள் ராணுவத்தினருக்குத் தொழில் விழுந்தபோது கை கொடுத்தது பென்ஷன் ஒன்றுதான். அதைச் சுருக்கித் தொழிலில் போடுவதற்கு முன் வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள். வீட்டுக் கடன் 9ஐ முதலில் அடைப்பது வேறு விஷயம், அதற்காகக் கம்யூட் செய்தால் நியாயம் உண்டு.

பழைய_சிக்னல்மேன்

சார் சொல்றது நூத்துக்கு நூறு. எனக்குக் கடை போன வருஷம் பென்ஷன் இல்லைன்னா சோறு இல்ல.

சுபேதார்_வீட்டம்மா

எல்லாரும் கணக்கா எழுதுறீங்க. ஒண்ணு கேக்குறேன் தம்பி, கடையில யார் நிக்கப் போறது? உங்க வீட்டம்மாவைக் கேட்டீங்களா?

நாங்க காட்பாடி பக்கம். எட்டு வருஷமா ஆவின் பாலகம் நடத்துறோம். அவர் பேர்லதான் இருக்கு, ஆனா ஷட்டர் தூக்குறது நான். வண்டி மூணேமுக்காலுக்கு வரும். டப்புல பாக்கெட் எண்ணி வாங்கி, ஓட்டைப் பாக்கெட்டை அப்பவே தனியா எடுத்து வெச்சுக் காட்டிடணும். பொழுது விடிஞ்சப்புறம் சொன்னா நம்ம கணக்கு. பச்சை, நீலம், ஆரஞ்சுன்னு எந்த வீட்டுக்கு எதுன்னு மனப்பாடம் ஆக ஆறு மாசம் ஆச்சு.

பால் பாக்கெட்ல பெருசா ஒண்ணும் நிக்காது, அது ஆளைக் கடைக்குக் கூட்டிட்டு வர்றதுக்கு. நெய், பன்னீர், மோர், தீபாவளிக்கு ஸ்வீட் ஆர்டர், சாயந்தரம் சூடா பால், பிஸ்கட், அதுலதான் எங்க வருமானம். மாசா மாசம் ஒரு சம்பளம் மாதிரி வருது. அதுக்கு மேல ஆசைப்படல.

இவர் முதல் மாசம் கடையில நின்னாரு. வரிசையில வராத ஒரு ஆளை "லைன்ல வா"ன்னு அதட்டிட்டாரு. அந்த ஆள் எதிர்வீட்டு ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர். ஆறு மாசம் அந்தத் தெருவே எங்ககிட்ட பால் வாங்கல. இப்ப இவருக்குக் கணக்கு எழுதுறது, பேங்க் போறது, வண்டி ஓட்டுறது மட்டும்தான் டூட்டி.

24 வருஷம் உங்களை எல்லாரும் சார்னு கூப்பிட்டிருப்பாங்க. டீக்கடையில "யோவ், சக்கரை கம்மியா"ம்பாங்க. சிரிக்க வருமான்னு பாத்துக்கோங்க.

கொரியர்_நாயக்

அக்கா சொன்ன அந்த "யோவ்" எனக்கு ரெண்டு வருஷம் ஆச்சு பழக!

நான் ஆரணி. கொரியர் ஃபிரான்சைஸ். மொத்த முதலீடு ரெண்டரை லட்சம்: டெபாசிட், ஒரு கம்ப்யூட்டர், பிரிண்டர், தராசு, பழைய டிவிஎஸ் எக்ஸ்எல். பட்டுப்புடவை பார்சல்தான் எனக்குச் சோறு போடுது. நெசவாளர், கடைக்காரர் எல்லாம் பழக்கம். ஒரு சேலையை எப்படி மடிச்சா மூலை கசங்காதுன்னு எனக்கு இப்பத் தெரியும், இதை எந்த எஸ்ஓபியும் சொல்லிக் குடுக்கல. ஊர்ல என்ன ஓடுதோ அதோட ஒட்டின தொழிலா பாருங்கண்ணா. குடியாத்தம்னா லுங்கி, தீப்பெட்டி, பீடி. டீ எல்லா ஊர்லயும் இருக்கு.

முதல் வருஷம் மாசம் 7,000தான் நின்னுச்சு. பென்ஷன் இருந்ததால தாங்கினேன். ரெண்டரை லட்சம்ங்கறதால ராத்திரி தூக்கமும் வந்துச்சு.

ரிசர்வ்_ஜேசிஓ

பெட்ரோல் பங்க் பற்றி யாரும் பேசவில்லையே. டெல்லியில் இருக்கும் டிஜிஆர், அதாவது மறுவாழ்வுத் தலைமை இயக்குநரகம், இதற்கென்றே திட்டங்கள் வைத்திருக்கிறது. செக்யூரிட்டி ஏஜென்சி, நிலக்கரி லாரி, எண்ணெய் கம்பெனியின் சொந்த பங்கை நடத்தும் கோகோ திட்டம், தலைநகர் வட்டாரத்தில் மதர் டெய்ரி பால் பூத், சஃபல் காய்கறிக் கடை. இவை எல்லாமே ஒருவகை ஃபிரான்சைஸ்தான். நம் பணம் அதிகம் முடங்காது என்பது வித்தியாசம்.

நான் ஒரு கோகோ பங்க் நடத்தியவன். இடம், டேங்க், மெஷின் எல்லாம் கம்பெனியுடையது. ஆள் நம்முடையது. விடிந்ததும் டேங்கில் டிப் ராடு விட்டுப் பார்ப்பது, தண்ணீர் இருக்கிறதா என்று பேஸ்ட் தடவிப் பார்ப்பது, டென்சிட்டி எழுதுவது, 5 லிட்டர் அளவைக் கேனில் பிடித்து மெஷின் சரியாக ஊற்றுகிறதா என்று பார்ப்பது. பட்டாளத்தில் கோத் (ஆயுதக் கிடங்கு) ரவுண்டு போன மாதிரியே இருக்கும். எனக்குப் பிடித்தது. ஆனால் ராத்திரி ஷிப்டுக்கு ஆள் வராவிட்டால் நாசில் பிடிப்பது நாம்தான். காசு குறைந்தாலும் நம் கை. ஒப்பந்தம் முடிந்தால் எழுந்து வர வேண்டும், சொத்து என்று ஒன்றும் மிஞ்சாது. உங்கள் ரேங்குக்கு எந்தத் திட்டம் வரும் என்று டிஜிஆரில் கேட்டுக்கொள்ளுங்கள், எல்லாம் எல்லாருக்கும் கிடையாது.

சொந்த டீலர்ஷிப் வேண்டும் என்றால் எண்ணெய் கம்பெனிகள் விளம்பரம் கொடுக்கும்போதுதான் விண்ணப்பிக்க முடியும். பாதுகாப்புப் படையினருக்குத் தனி ஒதுக்கீடு உண்டு, அதற்கு டிஜிஆர் தகுதிச் சான்று கேட்பார்கள். 2018 நவம்பரில் பெரிய விளம்பரம் வந்தது, 2023இல் மறுபடி. நடுவில் "உங்களுக்கு பங்க் அலாட் ஆகியிருக்கிறது, ரெஜிஸ்ட்ரேஷன் கட்டுங்கள்" என்று யாராவது மெயில் அனுப்பினால் அது திருடன். பணம் போய்விட்டால் உடனே 1930க்கு அடியுங்கள், தாமதிக்காதீர்கள்.

இன்னொன்று, பணியில் இருக்கும்போதே ரீசெட்டில்மென்ட் கோர்ஸ் போக வாய்ப்பு உண்டு. கிளார்க்கிடம் கேட்டீர்களா?

குடியாத்தம்_ஹவில்தார்

கேட்டேன் சாப். யூனிட்ல ஆள் குறைவுன்னு விடல. இனி நேரமும் இல்ல.

டெக்சாஸ்_தமிழன்

நான் இருப்பது டல்லாஸ் பக்கம். இங்கே பழைய ராணுவத்தினர் ஃபிரான்சைஸ் எடுப்பது சகஜம். 1991இல் வளைகுடாப் போர் முடிந்து வந்தவர்களுக்காக டான் டுவையர் என்ற தொழிலதிபர் தொடங்கி வைத்த வெட்ஃப்ரான் திட்டத்தில் இன்றும் நூற்றுக்கணக்கான பிராண்டுகள் ஃபீஸில் தள்ளுபடி தருகின்றன. ஆனால் என் பக்கத்து வீட்டு முன்னாள் மரீன் சொன்னது, தள்ளுபடி ஃபீஸில் மட்டும்தான், மொத்தச் செலவில் ஃபீஸ் சின்னப் பங்கு. உங்கள் கதையிலும் பாருங்கள்: நாலு லட்சம் ஃபீஸ் என்றால் 10 சதவீதம் 40,000. மீதி ஃபீஸ் மேல் ஜிஎஸ்டியே கிட்டத்தட்ட 65,000.

இங்கே உள்ள நல்ல விஷயம் தள்ளுபடி இல்லை, சட்டம். கையெழுத்துக்கோ பணத்துக்கோ குறைந்தது 14 நாள் முன்பே 23 தலைப்புகள் கொண்ட ஒரு வெளிப்படுத்தல் ஆவணத்தைக் கம்பெனி கொடுத்தாக வேண்டும். வழக்குகள், மொத்தச் செலவு, எத்தனை கடை திறந்தது, எத்தனை மூடியது, சமீபத்தில் விட்டுப் போனவர்களின் பெயர், தொடர்பு எண் உட்பட. என் பக்கத்து வீட்டுக்காரர் விட்டுப் போனவர்கள் பதினோரு பேருக்குப் போன் போட்டார். ஏழு பேர் பேசினார்கள். அந்த பிராண்டை விட்டுவிட்டு வேறு ஒன்று எடுத்தார்.

வழக்குப்_பக்கம்

இந்தியாவில் ஃபிரான்சைஸுக்கென்று தனிச் சட்டம் கிடையாது. 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம்தான் அடிப்படை. ஆகவே அந்தப் பட்டியலைத் தரச் சொல்லி நீங்கள்தான் கேட்க வேண்டும். தர மறுத்தால் அதுவே ஒரு பதில்.

டிராப்ட் அக்ரிமென்ட் வாங்கிப் பார்க்க வேண்டிய இடங்கள்: உங்கள் ஏரியா எல்லை கிலோமீட்டரில் இருக்கிறதா, தகராறு வந்தால் மத்தியஸ்தம் எந்த ஊரில் (டெல்லி என்று இருந்தால் ஒவ்வொரு வாய்தாவுக்கும் ரயில் ஏற வேண்டும்), லாக்-இன் (விட்டு விலக முடியாத காலம்) எத்தனை வருடம், நடுவில் விட்டால் எவ்வளவு கட்ட வேண்டும், கடையை வேறு ஆளுக்கு விற்கலாமா. ஒப்பந்தம் முடிந்த பிறகும் ஐந்து வருடம் டீக்கடையே வைக்கக் கூடாது என்று சில பேர் எழுதுவார்கள். அது 27ஆம் பிரிவின்படி பெரும்பாலும் நிற்காது. ஒப்பந்தம் ஓடும்போது கட்டுப்படுத்தும்.

இரண்டாவது ஆஃபர்தான் எனக்குப் பயமாக இருக்கிறது. 25 லட்சத்துக்கு மாதம் 40,000 என்றால் வருடத்துக்கு 19 சதவீதத்துக்கு மேல். கடை ஓடினாலும் ஓடாவிட்டாலும் தருகிறேன் என்று ஒருவர் சொன்னால் அது வியாபாரமா, ஃபிரான்சைஸ் சட்டை போட்ட டெபாசிட்டா என்று யோசியுங்கள். முறைப்படுத்தப்படாத டெபாசிட்டைத் தடுக்க 2019இல் மத்தியச் சட்டம் வந்தது. தமிழ்நாட்டில் 1997 முதலே முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. இரண்டும் பணம் போன பிறகு பொருளாதாரக் குற்றப்பிரிவு வாசலில் வரிசையில் நிற்கத்தான் உதவும். அந்த வரிசையில் முன்னாள் ராணுவத்தினரை நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

ஒரு ஆறுதல்: உங்கள் பென்ஷனைக் கடன்காரர்கள் ஜப்தி செய்ய முடியாது, 1871ஆம் ஆண்டு ஓய்வூதியச் சட்டம் 11ஆம் பிரிவு. ஆனால் நீங்களே எழுதிக் கொடுத்து பென்ஷன் லோன் எடுத்தால் தவணை அங்கேயே பிடித்துவிடுவார்கள்.

டீக்கடை_மூலை

ஃபிரான்சைஸ் சட்டை போட்ட டெபாசிட். வக்கீல் சார், இதை ஃபிளெக்ஸ் அடிச்சு ஜில்லா சைனிக் போர்டு வாசல்ல கட்டணும்.

அக்னிவீர்_அப்பா

மன்னிக்கணும், நடுவுல கேக்குறேன். என் பையன் அக்னிவீர் முதல் பேட்ச். நாலு வருஷம் முடிஞ்சு வந்தா சேவா நிதி 11.71 லட்சம் வரும்னாங்க. இப்பவே அவனோட செட்டு பசங்க வாட்ஸ்அப் குரூப்ல மொபைல் ஆக்சசரீஸ் ஃபிரான்சைஸ்னு ஒண்ணு சுத்துது, 9 லட்சமாம். எடுக்கலாமா?

பழைய_சிக்னல்மேன்

ஐயா, வேண்டாம். எனக்குக் கடை போனப்ப பென்ஷன் இருந்துச்சு, கேண்டீன் கார்டு இருந்துச்சு, ஈசிஹெச்எஸ்ல வைத்தியம் இருந்துச்சு. உங்க பையனுக்கு பென்ஷன் கிடையாது. அந்தப் பணம் போனா கீழ வலை இல்ல. 24 வயசுதானே ஆகும், நிரந்தரமா எடுக்குற 25 சதவீதத்துல வரலைன்னா போலீஸ், துணை ராணுவம்னு பரீட்சை எழுதச் சொல்லுங்க. பணத்தை பேங்க்ல பூட்டுங்க. மூடி வைக்க வேண்டிய வயசுல திறக்காதீங்க.

வங்கிக்_கணக்கன்

ஆமோதிக்கிறேன்.

ஹவில்தார் சாருக்கு மானியம் பற்றி விட்டுப்போனது. மத்திய அரசின் பிஎம்இஜிபி என்ற சுயதொழில் கடன் திட்டத்தில் முன்னாள் ராணுவத்தினர் சிறப்புப் பிரிவு: கிராமத்தில் 35, நகரத்தில் 25 சதவீத மானியம், உங்கள் பங்கு 5 சதவீதம் போதும். சேவைத் தொழிலுக்கு 20 லட்சம் வரை. அந்த மானியம் மூன்று வருடம் வங்கியிலேயே டெபாசிட்டாக நிற்கும், கையில் வராது. தமிழ்நாடு அரசின் "முதல்வரின் காக்கும் கரங்கள்" முன்னாள் படைவீரர்களுக்கே ஆனது, ஒரு கோடி வரை கடன், 30 சதவீத மூலதன மானியம், 3 சதவீத வட்டி மானியம். வேலூர் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்திலும் மாவட்டத் தொழில் மையத்திலும் கேளுங்கள். ஃபிரான்சைஸ் கடை இதில் சேருமா என்பதை எழுத்தில் வாங்காமல் யாருக்கும் முன்பணம் கொடுக்காதீர்கள். "மானியத்தை நாங்களே வாங்கித் தருகிறோம்" என்று ஃபிரான்சைஸ் கம்பெனியே சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

விற்றவன்

ஒரு வேலை சொல்கிறேன், காசு செலவில்லை. அதே பிராண்டின் கடை ஒன்று பக்கத்து ஊரில் இருக்கும். எதிரே உட்கார்ந்து பில் எண்ணுங்கள். ஒரு வார நாள், ஒரு ஞாயிறு.

குடியாத்தம்_ஹவில்தார்

சென்ட்ரி டூட்டிதானே சார். செஞ்சிடறேன்.

*(பதினெட்டு நாள் கழித்து)*

குடியாத்தம்_ஹவில்தார்

மன்னிக்கணும், லேட்டாயிடுச்சு. லீவு இன்னும் பன்னெண்டு நாள் இருக்கு.

ஆம்பூர்ப் பக்கம் ஒரு கிளை இருக்கு. எதிர்ல புளியமரத்தடியில ஒரு பஞ்சர் கடை, அங்க உக்காந்தேன். பையனோட கணக்கு நோட்டுல ஒரு பில்லுக்கு ஒரு கோடு. புதன்கிழமை காலையில அஞ்சரை டு பத்து 96. பத்து டு நாலு 54. நாலு டு ஒன்பது 121. மொத்தம் 271. நடுவுல நானும் மூணு தடவை போய்க் குடிச்சேன், அதைக் கழிச்சா 268. கூட நின்னு பாத்த வரைக்கும் ஒரு ஆள் சராசரியா 22 ரூபாக்கு மேல குடுக்கல. ஆக 5,900 கிட்ட. ஞாயித்துக்கிழமை 214 கோடுதான், ஆபீஸ் ஆளுங்க இல்ல.

பஞ்சர் கடைக்காரர் மொதல்ல என்னை போலீஸ்னு நினைச்சாரு. விஷயம் சொன்னதும் சிரிச்சுட்டு, "இந்தக் கடைக்கு இது மூணாவது ஓனர் சார்"ன்னாரு.

மூடின கடை லிஸ்ட் கேட்டேன். "அது கான்ஃபிடென்ஷியல் சார்"னுட்டு, அன்னைக்குச் சாயந்தரமே தள்ளுபடியை 10ல இருந்து 25 சதவீதமா ஏத்தி மெசேஜ் போட்டாங்க. வீட்ல காட்டினேன். "லிஸ்டுக்கு பதில் இதா?"ன்னா. சூப்பர் மார்க்கெட்காரன் நம்பரை பிளாக் பண்ணிட்டேன்.

கம்யூட்டேஷன் பத்தி இன்னும் முடிவாகல. வீட்டுக் கடனை அடைக்க மட்டும் பண்ணலாம்னு அவளும், வேண்டாம்னு எங்கப்பாவும் சொல்றாங்க. வேலூர் ஆபீஸ்ல காக்கும் கரங்கள் பாரம் வாங்கியாச்சு, நிரப்பல.

இப்ப எங்க தாய்மாமன் கடையில நிக்குறேன். பேர்ப்பலகை கூட கிடையாது, பஸ் ஸ்டாண்ட் பின்னால, முப்பது வருஷக் கடை. சம்பளம் இல்ல, மூணு வேளை சாப்பாடு. "லீவு முடியுற வரைக்கும் நில்லு, அப்புறம் பேசு"ன்னுட்டாரு. இன்னைக்கு மூணாவது நாள். "யோவ்" பதினாலு தடவை ஆயிடுச்சு அக்கா, எண்ணிட்டுதான் இருக்கேன். பால் ரெண்டு தடவை பொங்கி அடுப்பை அணைச்சுடுச்சு. மாமா ஒண்ணும் சொல்லல, துணியை எடுத்துக் கையில குடுத்தாரு.

சுபேதார்_வீட்டம்மா

பாத்திரத்து மேல குறுக்கால ஒரு மரக்கரண்டி வெய்ங்க தம்பி. மாமா சொல்லிக் குடுக்கலையா?

குடியாத்தம்_ஹவில்தார்

கேட்டேன். "நீ எப்பக் கேப்பேன்னு பாத்துட்டு இருந்தேன்"னாரு.